அமெரிக்காவின் அயோவா காக்கஸில் ஓட்டுக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

காக்கஸ் என்பது அரசு நடத்தும் வாக்குப்பதிவு அல்ல. அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்பதில் தன் உறுப்பினர்களின் ஆதரவை அறியக் கட்சியே கூட்டும் வட்டாரக் கூட்டம். குழப்பம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் கணக்கில்தான் வரும் என்பதால், 2020 பிப்ரவரி 3 அன்று அவர்கள் நடத்திய முறையையே எடுத்துக்கொள்கிறேன்.

இரவு 7 மணிக்கு உள்ளேயோ வரிசையிலோ இருக்க வேண்டும். முதலில் தலை எண்ணுவார்கள். பிறகு அவரவர் ஆதரிக்கும் வேட்பாளரின் பக்கம் போய் நிற்பார்கள்.

ஒரு வட்டாரத்தில் 103 பேர், கட்சியின் அடுத்த கட்ட மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய பிரதிநிதிகள் 5 என்று வையுங்கள். நான்கும் அதற்கு மேலும் அனுப்பும் வட்டாரத்தில் ஓர் அணி நிலைக்க 15 சதவீதம் வேண்டும். 103இல் அது 15.45, பின்னத்தை விட்டுவிடாமல் 16 என்று கொள்வார்கள். அணிகள் 43, 30, 15, 15 என்று நின்றால் கடைசி இரண்டும் தேறவில்லை. முதல் இரண்டு அணியினர் இனி மாற முடியாது. மற்ற 30 பேர் மட்டும் நகரலாம். நான்காம் அணியில் 9 பேர் மூன்றாவதற்கும் 4 பேர் முதலாவதற்கும் போக, 2 பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றால் 47, 30, 24.

ஒவ்வொன்றையும் 5ஆல் பெருக்கி 103ஆல் வகுங்கள்: 2.28, 1.46, 1.17. முழுமையாக்கினால் 2, 1, 1. ஓரிடம் மிஞ்சுகிறது, பின்னம் பெரிதாக உள்ள இரண்டாம் அணிக்கு அது போகும். கிளம்பியவர்களும் வகுக்கும் எண்ணில் இருப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். பின்னங்கள் சமமானால் நாணயம் சுண்டுவதும் உண்டு.

இவர்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள்தான்; தேசிய மாநாட்டுக்கு அல்ல. 2020இல் இரண்டு சுற்றுத் தலைக்கணக்கிலும் வேட்பாளர்களில் சாண்டர்ஸ் முந்தினார். கவுண்டிப் பிரதிநிதிகளை மாநில மாநாட்டுப் பிரதிநிதிகளாக மாற்றிப் போடும் கணக்கிலோ இன்னொரு வேட்பாளர் பூட்டிஜெஜ் 26.2, சாண்டர்ஸ் 26.1 சதவீதம். முடிவை அனுப்பும் செயலி சொதப்பியது, தொலைபேசி இணைப்புகளும் திணறின, முழு முடிவு வர நாட்கள் ஆயின.

குடியரசுக் கட்சியில் உரைகள் முடிந்ததும் சீட்டில் ரகசிய வாக்கு, நேர் எண்ணிக்கை. அங்கேயும் 2012இல் ராம்னி 8 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். பின்னர் சரிபார்த்தபோது சாண்டோரம் 34 வாக்கு முன்னிலை. 8 வட்டாரங்களின் சான்றளித்த கணக்கு கிடைக்கவே இல்லை.

என் பார்வையில் பெரிய குறை வேறு: அந்த நேரத்தில் வேலையில் இருப்பவருக்கும் கைக்குழந்தையோடு இருப்பவருக்கும் இந்தக் கூட்டம் எட்டாது. 2024இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வை மட்டும் தபால் அட்டைக்கு மாற்றியது.