மாரிக்கு முன் அத்தி பழுக்குமா?

கேள்வி: எங்கள் வளவில் நட்ட சீமை அத்தி இந்த வருடம்தான் நிறையக் காய்த்திருக்கிறது. ஆனால் ஜூலையிலிருந்து காய்கள் ஒரே அளவில் பச்சையாகவே நிற்கின்றன. போன வருடம் காய்த்த கொஞ்சமும் மாரி மழையில் வெடித்துப் புளித்துப் போய்விட்டது. குளிர் வருவதற்கு முன் பழுக்க வைக்க நுனியைக் கிள்ளி, காய்க்கு எண்ணெய் தடவுவதை ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன். இங்கும் செய்யலாமா? மகன் யூரியா போடுவோம் என்கிறார்.
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: யூரியா இப்போது வேண்டவே வேண்டாம், சகோதரி. போட்டால் மரம் தளிர்விடுவதிலேயே குறியாக இருக்கும், காய் அப்படியே நிற்கும்.

காய் வளராமல் நிற்பது நோய் அல்ல. அத்திக்காய் முதலில் விறுவிறுவென்று பருக்கும். அப்புறம் வாரக்கணக்கில் அசையாது. கடைசிச் சில நாட்களில்தான் திடீரென்று ஊதி, நிறம் மாறி, காம்பு வளைந்து தொங்கும். நடுவில் வரும் அந்த நிற்கும் காலத்தில்தான் பலரும் பொறுமை இழந்து மரத்தடியில் எதையாவது கொட்டுகிறார்கள். காயைப் பறித்து அரிசிக்குள் புதைத்தும் பயனில்லை. மா, வாழை போல அத்தி பறித்த பிறகு பழுக்காது.

நீங்கள் பார்த்த வீடியோ குளிர் நாட்டுக்காரருக்குச் சரி. அங்கே குளிர் இறங்கினால் பழுப்பதே நின்றுவிடும், உறைபனி பட்டால் காய் கருகிவிடும். அக்கரைப்பற்றில் தை மாத இரவிலும் 23 பாகை அளவில் வெப்பம் இருக்கும். குளிரால் உங்கள் அத்திக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது மழைதான். பழுக்கும் நேரத்தில் காயின் அடியில் உள்ள கண், அதாவது அந்தச் சிறு துளை, திறந்துகொள்ளும். அதன் வழியே தண்ணீரும் பூச்சியும் போனால் உள்ளே புளிக்கும். வேர் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வெடிக்கும்.

ஆனாலும் நுனி கிள்ளுவது இங்கேயும் உதவும். காய் உள்ள கிளைகளின் நுனியை இப்போதே, செப்டம்பரிலேயே, கிள்ளிவிடுங்கள். பட்டாணி அளவில் நிற்கும் பிஞ்சுகளையும் இரக்கம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். அவை மாரிக்கு முன் தேறாது, பெரிய காய்களுக்குப் போக வேண்டியதைத்தான் தின்னும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும்.

எண்ணெய் வித்தை பழங்காலக் கிரேக்கர் காலத்திலிருந்தே இருக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் நேரம் தப்பக் கூடாது. எண்ணெய் பட்டதும் காய்க்குள் எத்திலீன் வாயு உருவாகிப் பழுப்பதைத் தூண்டுகிறது. முற்றாத காய்க்குத் தடவினால் அது உதிரும் அல்லது சப்பென்று போகும். ஆகவே பெரிதாகத் தெரியும் காய் ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாறி இளஞ்சிவப்பு ஏறியிருந்தால், அதே அளவில் கண் சிவக்கத் தொடங்கிய மற்றக் காய்களுக்குச் செய்யலாம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஒலிவ் எண்ணெயைத் தொட்டுக் கண்ணில் மட்டும் வையுங்கள். ஒரு கிழமை அளவில் மாற்றம் தெரியும். முழு மரத்துக்கும் ஒரே நாளில் செய்யாமல் நாலைந்து காயில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். என்னைக் கேட்டால், தானாகப் பழுத்ததன் ருசியே தனி. மழை நெருங்கும்போது தடவினால் போதும்.

தண்ணீர் விடயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கரையோர மணலில் ஈரம் நிற்காது, வறண்டு வீசும் தென்மேற்குக் கச்சான் காற்று மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். ஒரு கிழமை காயவிட்டு மறு கிழமை தொட்டி தொட்டியாக ஊற்றினால், மாரி வருமுன் நீங்களே காயை வெடிக்க வைத்ததாகிவிடும். கொஞ்சமாக, ஒழுங்காக ஊற்றி, அடியில் சருகும் தேங்காய் மட்டையும் பரப்புங்கள். பழுக்கத் தொடங்கிய காய்களுக்குச் சிறு வலைப் பை கட்டாவிட்டால் கொண்டைக்குருவியும் அணிலும் முந்திக்கொள்ளும். ஒக்டோபரில் மழை இருட்டினால், கழுத்து மெத்தென்று ஆகிவிட்ட பழத்தை நாளைக்கு என்று விடாமல் அன்றைக்கே பறித்துவிடுங்கள்.

இதெல்லாம் இந்த வருடத்துக்கான சமாளிப்பு. உண்மையான வழி கவாத்தில் இருக்கிறது. குளிர் நாட்டில் மரம் எப்போது துளிர்க்க வேண்டும் என்று குளிர்தான் முடிவு செய்கிறது. இங்கே அதை உங்கள் கத்தி முடிவு செய்யலாம். அத்தி புதுக் கிளையில், இலைக்கொன்றாகக் காய்க்கும். மழை ஓய்ந்ததும், பெப்ரவரி வாக்கில், கிளைகளை அரைவாசி அளவுக்கு வெட்டி, மாட்டெரு போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். யூரியாவையும் அந்த நேரத்தில் ஒரு சிறு பிடி, மரத்தடியை விட்டு விலக்கிப் போடலாம். புதுக் கிளையில் வரும் காய்கள் ஜூலை, ஓகஸ்ட் கோடையில் முற்றும். வெயில் ஏற ஏற இனிப்பும் ஏறும். வெட்டிய கம்புகளில் நல்லதாக நாலைப் பார்த்து, மணலும் எருவும் கலந்த பையில் நிழலில் நட்டு வையுங்கள். எளிதில் வேர்விடும்.