டியூரரின் காண்டாமிருகத்தை ஹாலில் மாட்டுவது பற்றி

வணக்கம். ஜெர்மன் ஓவியர் டியூரரின் காண்டாமிருகப் படத்தை நான்கடி அகலத்தில் அச்சடித்தபோது கோடுகள் சாம்பலாகக் கலங்கிவிட்டன, வேறு கடை பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடை மேல் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். 1515-இல் வந்த மூல மரச்செதுக்கு அச்சு (மரப்பலகையில் செதுக்கி, மை தடவி எடுத்த படம்) சுமார் 21 x 30 செ.மீ.தான், கிட்டத்தட்ட ஏ4 தாள். அதை நான்கு மடங்கு இழுத்தால் எந்தக் கோடு தாங்கும்? அதிலும் வாட்ஸ்அப்பில் வந்த படம் என்கிறீர்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் பெரிய கோப்பு இலவசமாகக் கிடைக்கும். ஏ3-க்கு மேல் போகாதீர்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளே போதும். சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு வெளிர்மஞ்சள் மவுண்ட் போர்டு வைத்து, மெல்லிய கறுப்புச் சட்டம் போடச் சொல்லுங்கள். சோபாவுக்கு மேல் சுவர் வெறிச்சென்று தெரிந்தால், பக்கத்தில் இன்னொரு அச்சை மாட்டலாம்.

மேலே உள்ள ஜெர்மன் வரிகளை வெட்டிவிடாதீர்கள். அந்த விலங்கு இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்கு வந்த கதை அதில்தான் இருக்கிறது. ஆண்டு மட்டும் 1513 என்று தவறாக இருக்கும். டியூரர் காண்டாமிருகத்தை நேரில் பார்த்ததே இல்லை. முதுகில் ஒரு குட்டிக் கொம்பு முளைத்திருக்கும் பாருங்கள், விருந்தாளிகள் முதலில் கேட்பது அதைத்தான்!

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். பக்கச் சுவரில், கண் மட்டத்தில் மாட்டுங்கள்.