குளத்துக் கட்டையில் பங்கசு: கேட்டவையும் பதிலும்

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: கனகராயன் ஆற்றில் கிடந்த உக்கல் மருதங்கட்டையில் கறுப்புப் புள்ளி நிறைய இருக்கு. படம் போட்டிருக்கிறேன், என்ன இனம் அண்ணை?

படத்தை வைத்துச் சொல்ல ஏலாது தம்பி. அரை மில்லிமீற்றர்கூட வராத புள்ளிகள், வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு, உள்ளே இருக்கிற வித்திதான் (பங்கசுக்கு விதை மாதிரி) ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிளேட்டால் ஒரு புள்ளியின் தலையைச் சீவி, உள்ளிருக்கும் பசையை ஊசி நுனியால் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பாருங்கள். வித்தியில் நான்கு அறை, நடு இரண்டும் கபிலம், முனை இரண்டும் நிறமில்லை என்றால் பெரும்பாலும் சவோரியெல்லா என்ற பங்கசு. முழுக்கக் கபிலமாக இரண்டே அறை என்றால் யானுலா பக்கம் போய்ப் பாருங்கள். வித்திகள் இருக்கிற பையின் நுனியில் பெரிய வளையம் பளிச்சென்று தெரிந்தால் அன்னுலட்டாஸ்கசு.

எடுத்த எடுப்பில் சாயம் போடவேண்டாம், முதலில் வெறும் தண்ணீர்தான். அனிப்டோடெரா இனங்கள் சிலவற்றில் வித்தியின் இரண்டு முனையிலும் வளைந்த துண்டொன்று ஒட்டியிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கவே அது மெல்ல அவிழ்ந்து நீண்ட நூலாகும். ஓடுகிற தண்ணீரில் அடுத்த கட்டையைப் பிடித்துக்கொள்ள அந்த நூல் உதவும். அதைப் பார்க்காமல் பெயர் வைக்கிறவர்களோடு எனக்குக் கதையே இல்லை.

முத்தையன்கட்டு அக்கா: வீட்டுக்குக் கொண்டுவர முன்னமே காய்ந்துபோகுதே?

ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டுங்கள் அக்கா, இடமும் திகதியும் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், பேனை மை கரைந்துவிடும். வீட்டில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஈரக் கடதாசி விரித்துக் கட்டையை வைத்து மூடி, கொதித்தாறிய தண்ணீரை இடைக்கிடை தெளித்தால் போதும். இழை வகைகள் ஓரிரு கிழமையில் தெரியும், கறுப்புப் புள்ளி வகைக்கு மாதக்கணக்கில் பொறுக்கவேண்டி வரும். நகத்தால் கீறினால் மேல்தோல் மெத்தென்று இருக்கிற விரல்மொத்தக் கட்டைதான் நல்லது. ஆவணியில் அலைகரையில் காய்ந்து கிடப்பதை எடுக்கவேண்டாம், தரைப் பங்கசும் ஏறியிருக்கும். அதோடு, குளத்துக்குள் இறங்கிக் கட்டை இழுக்கிற வேலையும் வேண்டாம், முதலை இருக்கிற குளங்கள். துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, கீழே வாய்க்காலில் சிக்கிக் கிடப்பதே காணும்.

மல்லாவி ரீச்சர்: பெட்டியில் வைத்த கட்டையில் வெள்ளைப் பூப்பு, நுணுக்குக்காட்டியில் நுளம்புத்திரி மாதிரிச் சுருள் சுருளாகத் தெரியுது.

நல்ல ஆள் அகப்பட்டிருக்கு ரீச்சர்! அந்தச் சுருள்தான் வித்தி. ஹெலிக்கோஸ்போரியம், ஹெலிக்கோமைசெஸ் இரண்டும் இப்படித்தான் இருக்கும். பிரித்தறிய, வித்தியைத் தாங்குகிற காம்பைப் பாருங்கள்: கபிலமாக நிமிர்ந்து நின்றால் முதலாவது, நிறமில்லாமல் குட்டையாக இருந்தால் இரண்டாவது.

வவுனியாவிலிருந்து: மீன்தொட்டியில் புதுக் கட்டை போட்டேன், வெள்ளைச் சளி படருது. மீன் செத்துப்போகுமா?

இல்லை. கட்டையிலிருந்து கசியும் சத்தைத் தின்கிற பற்றீரியாவும் பங்கசும்தான் அது, தேய்த்துக் கழுவுங்கள், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். மீனின் உடம்பிலேயே பஞ்சு பிடித்தால் அது வேறு கதை, சப்ரோலெக்னியாவாக இருக்கலாம், அது உண்மையான பங்கசே இல்லை.

நெடுங்கேணியிலிருந்து: தண்ணீருக்குள் குடைக்காளான் முளைக்குமா?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், றோக் ஆற்றில் 2005இல் ஒன்றைக் கண்டு, 2010இல் சத்திரெல்லா அக்குவாட்டிக்கா என்று பெயர் வைத்தார்கள். அது உண்மையிலேயே ஓடும் தண்ணீருக்கடியில் முளைப்பது. நம்முடைய குளத்தில் கண்டால் மாரித் தண்ணீர் ஏறி மூழ்கிய தரைக்காளானா என்று முதலில் பாருங்கள். இரண்டொரு நாள் கழித்துப் போனால் தெரியும், மூழ்கியது அழுகியிருக்கும்.