பதற்றத்துக்கு மூலிகை மாத்திரை: மருந்தாளுநரிடம் கேளுங்கள்

நான் மருந்தாளுநர். பதற்றத்துக்கு மூலிகை மாத்திரை எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பெயர் தெரியாமல் "இது நல்லதா?" என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. பெயர்களையும் எழுதிக் கேட்டவர்களுக்கு நன்றி.

கேள்வி: வணக்கம் மேடம். எதற்கெடுத்தாலும் படபடப்பு. அஸ்வகந்தா மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. படபடப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் வயிறு சரியில்லை, பகலிலும் தூக்கம் வருகிறது. தைராய்டு மாத்திரையும் எடுக்கிறேன். தொடரலாமா?

பதில்: நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். வயிற்று உபாதையும் தூக்கமும் இதன் சாதாரணப் பக்க விளைவுகள். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தாலோ, அளவைக் குறைத்தாலோ பலருக்குச் சரியாகிவிடும். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் தைராய்டு மாத்திரை. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும். மாத்திரையின் அளவு உங்களுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும்போது இதுவும் சேர்ந்தால் ஹார்மோன் தேவைக்கு மேல் போய்விடலாம். அப்படிப் போனால் என்ன தெரியுமா வரும்? நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. எதைத் தணிக்க ஆரம்பித்தீர்களோ அதுவே திரும்பி வரும். நீங்களும் பதற்றம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

தைராய்டு பிரச்சினை இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் உண்மை. பெரும்பாலும் ஆரம்பித்த சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தெரியவரும். உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, பசியே இல்லாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 2023-இல் டென்மார்க் இதைத் தடை செய்தது. என்னைக் கேட்டால் எல்லோருக்கும் தடை தேவையில்லை. ஆனால் தைராய்டு, கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் வருடக் கணக்கில் எடுக்கக் கூடாது. இதை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று மாதத்தைத் தாண்டவில்லை.

கேள்வி: டாக்டர் எனக்குப் பதற்றத்துக்கு எஸ்சிடலோப்ராம் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார். இயற்கையானது என்பதால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் நண்பர். பிறகு மெதுவாக டாக்டர் மாத்திரையை விட்டுவிடலாமாம்.

பதில்: தயவுசெய்து வேண்டாம் தம்பி. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரவே கூடாது. இரண்டுமே மூளையில் மனநிலையைப் பாதிக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிற வேலையைச் செய்பவை. சேர்ந்தால் அது அளவு மீறிப் போகலாம். உடல் நடுக்கம், அதிக வியர்வை, காய்ச்சல், இதயம் வேகமாகத் துடிப்பது, நிலைகொள்ளாத தவிப்பு, குழப்பம் எல்லாம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சேர்த்து எடுத்து இப்படி ஏதாவது இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இந்த மூலிகைக்கு இன்னொரு குணமும் உண்டு. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இது முடுக்கிவிடும். அதனால் மற்ற மருந்துகள் வேலை முடியும் முன்பே உடம்பிலிருந்து வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரினின் வீரியம் குறையும். எச்ஐவி மருந்துகளுக்கும் இதே கதிதான். இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இதைச் சாப்பிட்டதில், புது இதயத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் குறைந்து, உடல் அந்த இதயத்தை எதிர்க்க ஆரம்பித்ததாக 2000-இல் மருத்துவ இதழில் பதிவானது. நிறுத்திய பிறகும் இந்தப் பாதிப்பு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடிக்கும். இத்தனைக்கும் இதற்குள்ள ஆதாரம் மனச்சோர்வுக்குத்தான், பதற்றத்துக்கு இல்லை.

அப்புறம், எஸ்சிடலோப்ராமை நீங்களாக விட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். விட விரும்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

கேள்வி: செடியிலிருந்து வருவதுதானே, கெடுதல் எப்படி வரும்?

பதில்: காவா என்ற செடியைப் பாருங்கள் ஐயா. பசிபிக் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் வேரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அதையே சத்தாக இறக்கி மாத்திரையாக்கி விற்றபோது சிலருக்குக் கல்லீரல் செயலிழந்தது, மாற்றுக் கல்லீரல் பொருத்தும் அளவுக்கு. 2002-இல் ஜெர்மனி அதைச் சந்தையிலிருந்து விலக்கியது. 2014-இல் அங்கே நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது உண்மைதான். இருந்தும் மது அருந்துபவர்களுக்கும் தினமும் பாராசிட்டமால் எடுப்பவர்களுக்கும் நான் காவாவைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கேள்வி: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் விற்கும் வலேரியன் மூலிகையை எடுத்தால் காலையில் தலை பாரமாக இருக்கிறது. வேலைக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டும்.

பதில்: பாரம் இருக்கும் நாளில் வண்டியை எடுக்காதீர்கள். தூக்க மாத்திரை, மது, சளிக்கான தூக்கம் தரும் மருந்து எதனுடனும் இதைச் சேர்க்கக் கூடாது. நெடுநாள் எடுத்திருந்தால் ஒரேயடியாக விடாமல் குறைத்துக் குறைத்து விடுங்கள். பதற்றத்துக்கு இதன் பலன் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இவ்வளவு சிரமப்பட்டு இதைத் தொடர வேண்டியதில்லை.

கேள்வி: கெமோமில் தேநீர், லாவெண்டர் எண்ணெய் மாதிரி லேசானவை போதுமா?

பதில்: லேசான பதற்றத்துக்கு முயன்று பார்க்கலாம். கெமோமில் ஆய்வுகளில் கொடுத்தது ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் சத்து. ஒரு கோப்பைத் தேநீரில் அவ்வளவு இருக்காது. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களும் வார்ஃபரின் எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். லாவெண்டர் வேண்டுமானால் வாய்வழி எடுப்பதற்கென்றே செய்த 80 மில்லிகிராம் குளிகையாக இருக்கட்டும். அதனால் வரும் தொல்லை பெரும்பாலும் ஏப்பம்தான். வாசனைக்காக விற்கும் எண்ணெயைக் குடிக்கவே கூடாது.

கேள்வி: மூன்று வகை மாத்திரை மாற்றிப் பார்த்துவிட்டேன். இரவில் திடீரென நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. எதுவும் கேட்கவில்லை. வேறு எது நல்லது?

பதில்: நான்காவது மாத்திரையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை சகோதரி. நீங்கள் படும் அவஸ்தை புரிகிறது, அதனால்தான் சொல்ல மறுக்கிறேன். இப்படி வரும் படபடப்புக்குத் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, காபி மிகுதி என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். அவை எல்லாம் இல்லை என்றால், நீங்கள் சொல்வது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையின் பலன் எந்த மூலிகையின் பலனையும் விட உறுதியாக நிரூபிக்கப்பட்டது. பக்க விளைவுக் கவலையும் அதில் குறைவு. இதுவரை எடுத்த மூன்று மாத்திரைகளின் டப்பாக்களையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதாது. பல மூலிகைகள் கலந்த மாத்திரைகளில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரை எழுப்பி அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதுவரை எடுக்கலாமா?

பதில்: இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சில மூலிகைகள் மயக்க மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில ரத்தப்போக்கை அதிகமாக்கும். மயக்க மருந்து தரும் மருத்துவர் "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது மூலிகையையும் சேர்த்தே சொல்லுங்கள்.