மனநிறைவை எண்ணில் எப்படி அளக்கிறார்கள்?

மனிதர் நன்றாக வாழ எது உதவுகிறது என்று ஆராயும் நேர்மறை உளவியலில் மனநிறைவு என்பது, ஒருவர் தன் வாழ்க்கையை மொத்தமாகப் பார்த்து ‘பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எந்த அளவுக்குச் சொல்கிறார் என்பது. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. அவரிடமே கேட்டாக வேண்டும்.

அதற்கு ஆய்வாளர்கள் பரவலாக எடுப்பது உளவியலாளர் எட் டீனரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல். ஐந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று 1 முதல் 7 வரை போட வேண்டும். மொத்தம் 5-க்கும் 35-க்கும் இடையில் வரும், 20 நடுப்புள்ளி. கடைசி வாக்கியம்தான் கொஞ்சம் குத்தும்: மறுபடி வாழக் கிடைத்தாலும் அநேகமாக எதையும் மாற்ற மாட்டேனாம். மற்றவற்றுக்குத் தாராளமாக 6 போட்டவர்கூட இங்கே பேனாவை நிறுத்தலாம்.

ஒரு கேள்வி போதாதா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாவது எல்லா அரிசியும் ஒரே உலையில் வேகுவதால். மனசு அப்படிச் சீராக வேகுவதில்லை. ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால், மற்ற நான்கும் ஓரளவு சரிக்கட்டும். ஆனால் அன்றைக்கு வீட்டில் சண்டை என்றால் ஐந்துமே சரியலாம். அதனால்தான் சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பக் கேட்டுப் பார்க்கிறார்கள்.

நேர்மறை உளவியல் அளக்கும் இன்னொன்றான குணநலன்களுக்கு வேறு வினாத்தாள். உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் வகுத்த 24 குணங்களை அது உங்களுக்கு வரிசைப்படுத்தித் தரும். அதில் பணிவு கடைசியில் வந்தால் ‘எனக்குப் பணிவே இல்லை’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுடைய மற்ற 23 குணங்களைவிட அது பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.