தோட்டக் கேள்வி–பதில்: ஓர்கிட் காய் வெடிக்குமுன்

கேள்வி: வளவு மாமரத்தில் உள்ள வாண்டா டெசலேட்டா ஓர்கிட் மறுபடியும் காய்த்திருக்கிறது. போன முறை காய் வெடித்ததும் விதையைத் தும்பில் தூவினோம். ஒன்றும் முளைக்கவில்லை. கிருமி நீக்கிய போத்தலில் வளர்க்கும் இழைய வளர்ப்பில் முடியுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முடியும். ஆனால் காய் வெடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஓர்கிட் விதை வெறும் தூசி. நெல்லில் இருப்பதுபோல் முளைக்கான சேமிப்பு உணவு அதில் இல்லை. மரப்பட்டையில் வாழும் சிலவகைப் பூஞ்சணங்கள்தான் இயற்கையில் அதை ஊட்டி வளர்க்கின்றன. பூஞ்சணம் இல்லாமலே சீனி கலந்த ஊடகத்தில் (விதைக்கு உணவு தரும் கலவையில்) முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். வில்லங்கமும் அந்தச் சீனியில்தான். விதை பச்சை பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். உள்ளே புகுந்த பூஞ்சணமோ அந்தச் சீனியைத் தின்று சில நாளில் போத்தலை மூடிவிடும். வெடித்த காயின் விதையில் பூஞ்சணத்தின் வித்திகள் ஒட்டியிருக்கும். அவற்றைக் கொல்லப் போடும் குளோரின் கொஞ்சம் கூடினால் விதையும் சாகும். மூடிய பச்சைக் காயின் உட்புறம் சுத்தமானது. தோலை மட்டும் கவனித்தால் போதும். பூ வாடியதிலிருந்து வெடிக்கும்வரையான காலத்தில் முக்கால் பங்கு கடந்ததும் ஒரு காயைப் பறியுங்கள். மற்றவை மரத்திலேயே இருக்கட்டும்.

ஒரு லீற்றர் ஊடகத்துக்கு அரைச் செறிவு முராஷிகி–ஸ்கூக் உப்புக் கலவை (இழைய வளர்ப்புக்கான தாது உப்புகள்), சீனி 20 கிராம், இளநீர் 100 மில்லிலீற்றர், இறுக வைக்கும் அகார் 7–8 கிராம். அகார் போடுமுன் பி.எச். (அமில அளவு) 5.6–5.8க்குக் கொண்டுவாருங்கள். அமிலம் கூடினால் அகார் இறுகாது. போத்தல்களை 121 பாகை செல்சியஸில், 15 இறாத்தல் அமுக்கத்தில் 20 நிமிடம் வைக்க வேண்டும். அந்த அமுக்கம் தரும் பிரஷர் குக்கரும் உதவும்.

காயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 20 சதவீதக் குளோரொக்ஸ் (வெளுக்கும் திரவம்) கரைசலில் 15–20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் தோய்த்து, சுவாலையில் ஒருதரம் காட்டி, தானாக எரிந்து அணையவிடுங்கள். ஸ்பிரிட் போத்தல் சுவாலைக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். லமினார் ஃப்ளோவுக்குள் (வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் பெட்டிக்குள்) வைத்து, கிருமிநீக்கிய பிளேட்டால் நீளவாக்கில் பிளந்து, விதையைப் போத்தலில் உள்ள ஊடகத்தின்மேல் மெல்லிசாகத் தூவுங்கள். கட்டியாக விழுந்தால் கன்றுகள் நெருக்கி நலிந்துபோகும்.

கேள்வி: ஆடியில் போத்தலிலிருந்து எடுத்து நட்ட கன்றுகள் ஒரு கிழமைக்குள் கருகிவிட்டன. ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஆடியில் அடிப்பது கச்சான் என்ற வறண்ட காற்று. போத்தலுக்குள் ஈரப்பதன் மிக அதிகம் என்பதால் இலையில் மெழுகுப்படை சரியாகப் படியாது, இலையின் நுண்துளையான இலைவாயும் ஒழுங்காக மூடப் பழகாது. அந்தக் கன்றை வறண்ட காற்றில் வைத்தால் வேர் நீரை எடுக்குமுன் இலைவழியே நீர் போய்விடும். ஐப்பசி மழை தொடங்கியதும் எடுங்கள். மழை மட்டும் நேரே விழக்கூடாது. இரண்டு மூன்று வேராவது 2–3 சென்ரிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். அகாரை இளஞ்சூட்டு நீரில் முழுக்கக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சீனியில்தான் அழுகல் தொடங்கும். பலதரம் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிய தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்து நட்டு, நிழல் வலைக்குக் கீழே ஒளிபுகும் பெட்டியால் மூடிவையுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். புது வேர் காணும்வரை உரம் வேண்டாம்.