பெங்களூரு பால்கனியில் தைவான் மரப்பெரணி வளருமா?

மரம் மாதிரி தண்டு விட்டு உயரும் பெரணிச் செடியான (fern) தைவான் மரப்பெரணியை அல்சூர் வீட்டு பால்கனியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். குளிர் பிரச்சினையே இல்லை, காய்ந்த காற்றுதான் எதிரி. தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்து ஈரக் காடுகளில் வளர்வது இது. நம் ஊர் மார்ச் மாதக் காற்றில் இலை நுனி கருகிவிடும்.

மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்டின் அடியில் கருப்பு நார் மாதிரி மூடியிருப்பது வேர்தான். அதையும் தினமும் நனையுங்கள். காலை வெயில் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தண்டு. பழைய இலை சுத்தமாகக் கழன்று விழும் இடமெல்லாம் முட்டை வடிவத் தழும்பு. உள்ளே கூடான தண்டில் தூரிகை வைப்பதால் தைவானில் இதன் பெயரே 'தூரிகைக் குடுவை மரம்'.

அப்புறம், இது 6 மீட்டர் வரை உயரும். சில வருடங்களில் தரைக்கு மாற்ற இடம் பார்த்து வையுங்கள்.